முதல் வாசலில் தங்கிப்போன சேதி

அந்தக் குடும்பத்தில் இரண்டு டிரைவர்கள். பெரியவள் பஸ் ஓட்டுகிறாள். சின்னவள் டிரைவர் எழுதுகிறாள். பெரியவளின் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. சின்னவளின் வேலையை விளக்க ஆரம்பித்தால், கேட்கிறவர் இரண்டாவது வாக்கியத்திலேயே "சாப்பிட்டியாம்மா?" என்று பேச்சை மாற்றிவிடுவார். அதனால் இப்போதெல்லாம் அவளே "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்கிறாள்.

நாமாவது கேட்டு வைப்போம், கதைக்கு வேண்டும். ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடங்களில் தகவல்களை எல்லாம் தனியாக ஒரு பெட்டியில் சேர்த்து வைப்பார்கள். பெட்டி ஓர் அறையில், கணினிகள் வேறு வேறு மாடிகளில், நடுவே கம்பி. கணினி "இதை எழுதி வை" என்று சொன்னால், அந்தச் சேதியைக் கொண்டுபோய்ப் பெட்டியிடம் கொடுத்து, "எழுதியாச்சு" என்ற பதிலை வாங்கி வருகிற புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். ஒரு பக்கம் கோளாறானால் என்ன செய்வது என்று பெட்டிக்கு இரண்டு வாசல் வைத்திருப்பார்கள். முதல் வாசலில் பதில் வராவிட்டால் டிரைவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதே சேதியை இரண்டாவது வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தக் "கொஞ்ச நேரம்" எவ்வளவு என்று முடிவு செய்வதற்குத்தான் சின்னவளுக்குச் சம்பளம்.

சொல்லப்போனால் அது அவளிடம் கொடுத்திருக்கக் கூடாத வேலை. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பொறுமை குறைச்சல். பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க மாட்டாள். லிஃப்ட் பொத்தானை அமுக்கிவிட்டு, அது வருவதற்குள் படியேறிப் போய்விடுவாள். பிறகு ஆளில்லாத லிஃப்ட் அவள் பின்னாலேயே மாடி மாடியாக வந்து கதவைத் திறந்து திறந்து பார்க்கும். அவளுக்கு முன்னால் இருந்தவர் அரை நிமிஷம் பொறுக்கும்படி அந்த டிரைவரை எழுதி வைத்திருந்தார். அரை நிமிஷம் ஒன்றும் பெரிய நேரமில்லை என்று நமக்குத் தோன்றும். கண் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வாசல் படுத்துக்கொண்டால் எல்லா மாடியிலும் திரை உறைந்து நிற்கிறது, நோயாளிகள் எங்களைத்தான் முறைக்கிறார்கள் என்று புகார்மேல் புகார். மேலாளர் ஒரு நாள் சின்னவளைக் கூப்பிட்டு, இதைக் குறைக்க முடியாதா என்று கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவள் அதை மூன்றே நொடியாக வெட்டிவிட்டாள்.

எதிர்த்தவர் ஒருவர்தான். எந்த வாக்கியத்தையும் "ஆனா" என்று தொடங்குவதால் அலுவலகம் முழுக்க அவருக்கு "ஆனா" என்றே பேர். அடுத்த மேஜைக்காரர். அவர் வைத்த கேள்வி இதுதான். கடைக்கு ஒரு பையனை அனுப்புகிறோம், ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வா என்று. அவன் வரக் காணோம். அடுத்தவனை வேறு தெரு வழியாக அதே சேதியோடு அனுப்புகிறோம், அவன் சொல்லிவிட்டு வருகிறான். பிறகு நமக்கு மனசு மாறி, சர்க்கரை வேண்டாம், உப்பு போதும் என்று சொல்லியனுப்பிக் கணக்கை மாற்றுகிறோம். முதலில் போனவன் செத்தா போனான்? தெருமுனையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவன், எல்லாம் முடிந்தபிறகு கடைக்குப் போய்ச் சர்க்கரை என்கிறான். கடைக்காரர் கடைசியாகக் கேட்டதைத்தானே எழுதுவார்? அரை நிமிஷம் பொறுத்தால் முதலாமவன் அநேகமாகப் போய்ச் சேர்ந்திருப்பான், இல்லை உண்மையிலேயே விழுந்திருப்பான். மூன்று நொடியில் எப்படித் தெரியும்? ஆகவே இரண்டாவது வாசலுக்குப் போகுமுன், முதல் வாசலைச் சாத்து, அங்கே தங்கியிருப்பதை எல்லாம் தூக்கிப்போடு என்று பெட்டியிடம் சொல்லி, சாத்தியாச்சு என்ற பதிலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார் ஆனா.

சாத்திப் பதில் வாங்க இன்னொரு பத்து நொடி ஆகும், அப்புறம் நான் எதைக் குறைத்தேன் என்று சின்னவள் கேட்டாள். அப்படி ஒருவன் தெருமுனையில் நிற்பது பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கலாம் என்றும் சொன்னாள். மேலாளர் அவள் பக்கம் சாய்ந்தார். ஆனா "ஆனா..." என்று ஆரம்பித்து, கூட்டம் கலைந்துவிட்டதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். புது டிரைவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனது.

அதே ஆஸ்பத்திரியில்தான் பெரியவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைக்க ஏற்பாடாகியிருந்தது. அந்த ஆஸ்பத்திரியைச் சொன்னவளே சின்னவள்தான், எங்கள் டிரைவர் ஓடுகிற இடம் என்ற பெருமையில். கண் பரிசோதனையில் தேறாததால் பெரியவளை வண்டியிலிருந்து இறக்கிப் பணிமனையில் டிக்கெட் கட்டுகளை அடுக்கும் வேலையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த நாற்காலி அவளுக்கு முள்ளாகக் குத்தியது. லென்ஸ் சரியாக அமைந்தால் மறுபடி ஸ்டியரிங், அமையாவிட்டால் நாற்காலியேதான். ஆபரேஷன் அன்று கூட வருகிறேன் என்ற சின்னவளை, ஒரு கண்ணுக்கு எத்தனை பேர்டி காவல் என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அத்தான் மட்டும் போயிருந்தார்.

அன்று காலை சின்னவள் அலுவலகத்துக்குள் நுழையும்போதே கைதட்டல். முந்தின நாள் பிற்பகல் ஆஸ்பத்திரிப் பெட்டியின் முதல் வாசல் திடீரென்று பதில் சொல்லாமல் நின்றுவிட்டதாம். டிரைவர் கண்மூடித் திறப்பதற்குள் இரண்டாவது வாசலுக்கு மாறிவிட்டதாம். ஒரு நோயாளிகூட முறைக்கவில்லை, மிக்க நன்றி என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். மேலாளர் எல்லோருக்கும் கேக் வாங்கி வைத்திருந்தார். சின்னவள் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய், ஆசை ஆசையாகப் பெட்டியின் பதிவுகளைத் திறந்தாள். தன் பிள்ளை மேடையில் ஆடியதை வீடியோவில் இன்னொரு தடவை பார்க்கிற தாயின் ஆசை அது.

பின்னால் நின்று கேக்கைச் சுரண்டிக்கொண்டிருந்த ஆனா மெதுவாகக் கேட்டார்: "ஆனா, முதல் வாசல்ல போனது என்னாச்சு?"

"அது செத்துப்போச்சு. அதனாலதானே மாறிச்சு."

ஆனா திரையில் ஒரு வரியைக் காட்டினார். முதல் வாசல் சாகவில்லை. மூச்சுப் பிடித்துக்கொண்ட மாதிரி கொஞ்ச நேரம் மலைத்து நின்றுவிட்டு, தானாகவே விழித்துக்கொண்டிருந்தது. விழித்ததும் கையில் தங்கியிருந்த வேலையைப் பொறுப்பாக முடித்தும் வைத்திருந்தது. போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே. வராமலே இருந்திருக்கலாம்.

சின்னவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பழைய சேதி ஒன்று, புதிய சேதிக்குமேல் போய் உட்கார்ந்திருக்கிறது. எது என்று பதிவில் தெரியாது. ஆஸ்பத்திரியின் ஆயிரம் தகவல்களில் யாரோ ஒருவருடைய ஏதோ ஒன்று. பிறகு அந்த வரிக்கு எதிரே இருந்த நேரத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கேக்கைத் தள்ளி வைத்தாள்.

முந்தின நாள் மாலை அக்கா போனில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எந்த எண் லென்ஸ் வைப்பது என்று பிற்பகலில் கண்ணை அளந்தார்களாம். அளக்கிற பெண், இடது கண்ணின் எண்ணை வலது கண்ணின் கட்டத்தில் போட்டுவிட்டாளாம். அக்காதான் பஸ் கதை சொல்லிச் சொல்லி அவள் கவனத்தைக் கலைத்தது. பதிந்தவுடன் திரை இரண்டு மூச்சு நேரம் முழித்ததாம். பிறகு அந்தப் பெண் தப்பைக் கவனித்து உடனே திருத்திவிட்டாளாம். "உன் டிரைவருக்கு இன்னும் ரோடு பழகல போல," என்று அக்கா கேலி செய்தாள். சின்னவளோ, இரண்டு மூச்சுதானே, பழையது என்றால் அரை நிமிஷம் நின்றிருக்கும் என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

தப்பான எண் முதல் வாசலில் தங்கியது. திருத்திய எண் இரண்டாவது வாசல் வழியாக உள்ளே போனது. அப்புறம் முதல் வாசல் விழித்தது. சாயங்காலம் வரை திரையில் சரியான எண்ணே தெரிந்திருக்கும், ஏனென்றால் கணினி தன் நினைவில் இருப்பதைத்தான் காட்டும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் கணினிகளை அணைத்துப் போடுவது வழக்கம். அணைத்துப் போட்டால் பெட்டியில் இருப்பதுதான் திரைக்கு வரும். டாக்டர் இப்போது பார்ப்பது இடது கண்ணின் எண். வைக்கப்போவது வலது கண்ணில்.

தப்பான லென்ஸ் உள்ளே போய்விட்டால் மறுபடி கீறித்தான் எடுக்க வேண்டும். இரண்டாம் தரம் கீறிய கண் முதல் தரம் மாதிரி இருக்காது. அது டிக்கெட் கட்டுக்குப் போதும், ஸ்டியரிங்குக்குப் போதாது.

சின்னவள் போனை எடுத்தாள். அக்காவின் போன் அணைந்திருந்தது. அத்தானின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அது ஒரு பையில், அக்காவின் செருப்புக்கு அடியில் ஊமையாக நடுங்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜைக்கு அடித்தாள். ஒரு பெண் எடுத்தாள். என் அக்காவுக்கு இன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள் என்று அக்காவின் பெயரையும் அறை எண்ணையும் சொன்னாள். இருங்கள், கேட்டுச் சொல்கிறேன் என்று அந்தப் பெண் போனை வைக்காமல் எழுந்து போனாள். காதில் மெல்லிய வாத்திய இசை ஓடியது. சின்னவள் எத்தனை நேரம் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? இசை ஒரு சுற்று முடியுமுன் துண்டித்துவிட்டாள். இவர்களை நம்பினால் வேலைக்காகாது, நேரில் போய்விடுகிறேன் என்று பையை எடுத்தாள்.

ஆனாவிடம் ஸ்கூட்டர் இருந்தது. வேறு வண்டி எதுவும் அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவள் அதில் ஏறியிருக்க மாட்டாள். அவர் ஹெல்மெட் வாரை மாட்டி, இழுத்துப் பார்த்து, அவளுடைய வாரையும் இழுத்துப் பார்த்து, கண்ணாடிகளைத் திருப்பி வைத்து, அப்புறம்தான் கிளப்பினார். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் பார்த்தாலே நின்றார். ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போனது. சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆனா, விழுந்துட்டா இன்னும் லேட்டாகும்," என்று அவர் காற்றைப் பார்த்துச் சொன்னார். மூன்று நொடி என்று வெட்டியவள், ஒவ்வொரு விளக்கும் மாறும்வரை நொடிகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் மூன்றாம் மாடியில். படியேறி ஓடி, கதவில் நின்ற நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பது என் அக்கா, ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, மருந்து விட்டுப் படுக்க வைத்திருக்கிறோம், அடுத்தது அவர்தான் என்றாள் நர்ஸ். டாக்டரை உடனே பார்க்க வேண்டும் என்றாள் சின்னவள். டாக்டர் அம்மா முகமூடியோடு வெளியே வந்தார். விஷயத்தைச் சின்னவள் தலைகீழாகச் சொன்னாள். ஆனா மூச்சிரைத்துக்கொண்டே அதை நேராக்கினார். டாக்டர் திரையைத் திருப்பி அக்காவின் பதிவைத் திறந்தார். வலது கண், பதினேழரை. அளந்த பெண்ணைக் கூப்பிட்டு, நேற்று என்ன எண் போட்டாய் என்று கேட்டார்.

இருபத்தொன்றரை என்றாள் அந்தப் பெண். திரையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. திருத்தினேன் டாக்டர், வீட்டுக்குப் போகுமுன் இன்னொரு தடவையும் பார்த்தேன் என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. அவள் சொல்வதை யாரும் நம்பப்போவதில்லை என்று அவளுக்கே தெரிந்தது. பெட்டி பொய் சொல்லும் என்று எந்த ஆஸ்பத்திரியில் யார் நினைப்பார்கள்?

சின்னவளின் போன் அந்த நேரம் பார்த்து அதிர்ந்தது. அவள் ஓடிவந்த காரணத்தை அலுவலகத்தில் கேள்விப்பட்ட மேலாளர். உங்கள் அக்காவுடையதை மட்டும் சத்தமில்லாமல் சரிபார்த்துவிட்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், பொதுவாகக் கம்பிக் கோளாறு என்று சொல்லி வையுங்கள் என்றார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தப் பொண்ணு திருத்தினது உண்மை, டாக்டர். தப்பு அவங்க மேல இல்ல, என் மேல. நான் எழுதின புரோகிராம் பழைய நம்பரைத் திரும்பக் கொண்டுவந்து போட்டிருக்கு. இன்னும் யார் யாருக்குப் போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. எல்லாரையும் மறுபடி அளந்து பாத்துடுங்க."

அவள் சொன்னதெல்லாம் போனிலும் கேட்டது. பிறகு மேலாளர், பழைய டிரைவரை எத்தனை சீக்கிரம் திரும்பப் போட முடியும் என்று மட்டும் கேட்டார். அவரும் மனிதர்தான். அளக்கிற பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு கருவியைத் தள்ளிவரப் போனாள். போகும்போது சின்னவளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அக்காவை மறுபடி அளந்தார்கள். இருபத்தொன்றரை. இன்னொரு தரமும் அளந்தார்கள். இருபத்தொன்றரையேதான். டாக்டர் தன் கையால் எண்ணை மாற்றி, லென்ஸ் டப்பாவை மாற்றச் சொல்லி, அன்றைய மற்ற நோயாளிகளையும் அளக்காமல் யாரும் கத்தியைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். பச்சைத் தொப்பியோடு படுத்திருந்த அக்கா, தங்கையின் குரலைக் கேட்டு, உன்னை யாரடி வரச் சொன்னது என்று அதட்டினாள். சின்னவள் அவள் பாதத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மலைபோல வந்தது பனிபோல விலகியது. வெளியே பெஞ்சில் அத்தான் இருந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறவர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "ஓ," என்றார். பிறகு எழுந்து போய் மூன்று பேருக்கும் டீ வாங்கி வந்தார். சின்னவள் அதை ஊதி ஆற்றாமலே குடித்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வாசலைச் சாத்தச் சொன்னீர்களே, கேட்டிருக்கணும் என்று ஆனாவிடம் நேராகவே சொன்னாள். அவர் கூச்சத்தோடு கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்.

"ஆனா," என்றார், "நீங்க முதல்ல போன்ல ஒண்ணு சொன்னீங்களே. அது என்னாச்சு?"

"அதான் கட் பண்ணிட்டேனே."

சொல்லி வாய் மூடவில்லை, தியேட்டர் கதவு இரண்டு பக்கமும் திறந்தது. தள்ளுகட்டில் ஒன்று வெளியே வந்தது. அதன்மேல் பச்சைத் தொப்பியோடு பெரியவள் எழுந்து உட்கார்ந்து, கோபத்தில் குமுறிக்கொண்டிருந்தாள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் யாரை முறைப்பது என்று தெரியாமல் பொதுவாக எல்லோரையும் முறைத்தாள்.

நடந்தது இதுதான். வரவேற்பு மேஜைப் பெண் சேதியை விடவில்லை. போனைத் துண்டித்தது அவளுக்குத் தெரியவும் தெரியாது. சின்னவள் சொன்னதை எடுத்துக்கொண்டு பொறுப்பாக மாடியேறியிருக்கிறாள். நடுவில் ஒரு பெரியவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட, அவரைப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, அவருடைய மகள் வரும்வரை கூட இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஊழியர்கள் போகிற பின்பக்க வாசல் வழியாகத் தியேட்டருக்குள் போய், இந்த நோயாளியின் வீட்டார் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். உள்ளே இருந்த நர்ஸ், வந்த சேதிதான் கடைசிச் சேதி என்று எடுத்துக்கொண்டாள். டாக்டர் கை கழுவப் போயிருந்த நேரத்தில் நோயாளியை வெளியே தள்ளிவிட்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

ஒரு வாசலில் சேதி கொடுத்து, பதிலுக்குக் காத்திராமல், அதைச் சாத்தவும் சாத்தாமல், அடுத்த வாசலுக்கு ஓடிவந்தது யார்? டிரைவர் இல்லை. அதற்காவது மூன்று நொடி பொறுமை இருந்தது. தன் குணத்தைத்தான் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. ஆனா அவளைப் பார்த்தார். இந்த முறை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "தெரியும், தெரியும்," என்றாள் அவள்.

டாக்டர் ஈரக் கையை உயர்த்திப் பிடித்தபடி வந்தார். நிறுத்தச் சொன்னீர்களாமே என்று கேட்டார். சின்னவள் நாக்குழற விளக்கினாள். அது முன்னால் சொன்னது, பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றாள். டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண் சுருங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய சின்னவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இந்த பேஷண்ட்டைப் பத்தி இனிமே வெளியில இருந்து எது வந்தாலும் நான் கேக்க மாட்டேன். நீங்க சொன்னாலும் சரி," என்று சொல்லி, பின்பக்க வாசலைத் தாழ்போடச் சொன்னார். போட்டாகிவிட்டது என்று உள்ளேயிருந்து நர்ஸ் குரல் கொடுத்தபிறகுதான் கட்டிலைத் தள்ளவிட்டார்.

"உங்களுக்குள்ள முடிவு பண்ணிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே பெரியவள் இரண்டாம் முறையாக உள்ளே போனாள்.

இந்தத் தடவை அவள் கண்ணில் கட்டோடுதான் வெளியே வந்தாள். லென்ஸ் போய் உட்கார்ந்த விதத்தைப் பற்றி டாக்டர் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். ஒன்றும் புரியாவிட்டாலும் சின்னவள் நன்றாகத் தலையாட்டினாள். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் பழைய டிரைவர் திரும்ப வந்து, அரை நிமிஷம் அரை நிமிஷமாகப் பொறுக்க ஆரம்பித்தது. எல்லாப் பதிவுகளையும் சரிபார்த்ததில் மாறிப்போயிருந்தது இன்னும் ஒன்றே ஒன்று. சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருடைய உணவுக் குறிப்பு முந்தைய நிலைக்குப் போய், அவருக்குக் காலையில் சர்க்கரை போட்ட காபி கிடைத்திருந்தது. அதைத் திருத்தியதில் வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான். அடுத்த வாரம் முழுக்க சின்னவளும் ஆனாவும் வாசல் சாத்தும் பகுதியைச் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். பத்து நொடி கூடுதல்தான். மேலாளர் ஆஸ்பத்திரிக்குத் தானே போய்க் காரணத்தைச் சொன்னார். திரை நின்றால் இனி நாங்கள் புகார் சொல்ல மாட்டோம், நிற்கட்டும் என்று அவர்கள் சொன்னார்களாம்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரிக்கிறபோது சின்னவளுக்கு அது எதுவும் மனதில் இல்லை. இரண்டு தரம் அளந்தது சரிதான், டாக்டர் மாற்றியது சரிதான். ஆனாலும் அக்கா வாய் திறந்து சொல்லும்வரை அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அறையில் சன்னல் திறந்திருந்தது. எதிர்ச்சுவரில் எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும் அட்டை. நர்ஸ் இடது கண்ணை மூடி, எதுவரை தெரிகிறதோ அதுவரை படியுங்கள் என்றாள். பெரியவள் மேலிருந்து ஆரம்பித்தாள். பெரிய எழுத்து, அடுத்தது, அதற்கு அடுத்தது. கடைசி வரியையும் படித்தாள். அதோடு நிறுத்தாமல், அட்டையின் அடியில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்த அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் படித்தாள். போதும், போதும் என்றார் டாக்டர்.

அத்தான் திரும்பிச் சன்னல் பக்கம் நின்றுகொண்டார். தோள் குலுங்கியதை வைத்து, மனிதர் அழுகிறார் என்று தெரிந்தது. சின்னவள் அழவில்லை. கட்டிலின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

பெரியவள் அப்போதுதான் திரும்பி அவளைக் கிட்டத்தில் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"ஏன்டி, உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"நேத்து காலையில, அக்கா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண் உறுத்தியதால் அடக்கிக்கொண்டாள். தங்கையின் தலையைத் தன் பக்கம் இழுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, காதோரத்து முடியை விரலால் பிரித்து, வெள்ளையாக இருந்ததை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். அவள் எண்ணி முடிக்கும்வரை சின்னவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.